சோழனாக விளையாடுவது எப்படி?

கோடையில் காவிரி வற்றினால் திருக்காட்டுப்பள்ளிப் பையன்களுக்கு ஒரு மைதானம் இலவசம். ஆற்று மணலில் மூன்று குச்சி நட்டால் கிரிக்கெட் ரெடி. அந்த ஆட்டத்தின் சட்டதிட்டங்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கரையைத் தாண்டி அடித்தால் சிக்ஸர் அல்ல, அவுட் (பந்தை யார் தேடுவது?). ஒரு பிட்ச் விழுந்து எழும்பிய பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். பொடியன்களுக்கு முதல் பந்தில் அவுட் கிடையாது. அம்பயர் இல்லை, ஸ்கோர் போர்டு இல்லை. ஆனாலும் விதியை மீறியவனுக்கு "அழுகுணி ஆட்டம் ஆடுறவன்" என்று ஒரு பட்டம் கிடைக்கும். பள்ளிக்கூடம் முடிகிற வரை அது போகாது.

அதே பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணினியைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சரித்திர யுத்த விளையாட்டு ஒன்று ஓடுகிறது. சோழ நாட்டைத் தேர்ந்தெடுக்கிறான். இரண்டு மணி நேரத்தில் பாதி ஆசியா அவன் நிறத்துக்கு மாறிவிடுகிறது. நடுவில் ஒரு போரில் தோற்றான். பத்து நிமிடத்துக்கு முன்னால் சேமித்து வைத்ததைத் திறந்து மறுபடி ஆடி ஜெயித்துவிட்டான். தம்பியால் தொல்லை வந்தது, விஷம் வைத்துவிட்டான். மணலில் ஒற்றைக் கைக் கேட்ச்சுக்கு அரை மணி நேரம் நியாயம் பேசியவன், இங்கே எந்த நியாயமும் இல்லாமல் சக்கரவர்த்தி ஆகிவிட்டான்!

இதில் என்ன தப்பு, விளையாட்டுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைக் கடைசியில் பார்க்கலாம். முதலில், சோழன் இந்த விளையாட்டுகளுக்குள் எப்படி வந்தான் என்று பார்ப்போம்.

சோழன் திரைக்கு வந்த கதை

1999இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் வந்தபோது அதில் இந்திய நாடே கிடையாது. யானைப்படை வேண்டுமென்றால் பாரசீகர்களைத்தான் எடுத்தாக வேண்டும். (யானையை விடப் பிரபலமானது, ஒரு ரகசிய வாக்கியத்தைத் தட்டினால் பதினொன்றாம் நூற்றாண்டுக் கோட்டைக்கு முன்னால் வந்து நின்ற கோப்ரா கார்தான் என்பது வேறு விஷயம் :-)) 2013இல் வந்த கூடுதல் தொகுப்பில் "இந்தியர்கள்" என்று மொத்தமாக ஒரே ஒரு நாடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் அதையும் பிரித்து வங்காளிகள், கூர்ஜரர்கள், ஹிந்துஸ்தானியர், திராவிடர்கள் என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். கூடவே ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் ஒரு தொடர் ஆட்டமாக வந்தது. 2025 பிப்ரவரியில் வெளியான சிவிலைசேஷன் ஏழாம் பாகத்தில் சோழர்கள் தனி நாகரிகமாகவே வந்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை உலக அதிசயமாக அதில் கட்டலாம்.

2020இல் வந்த குரூசேடர் கிங்ஸ் மூன்றாம் பாகம் கொஞ்சம் வேறு வகை. அதில் நாட்டை மட்டும் ஆடுவதில்லை. ஒரு மனிதனை, அவன் குடும்பத்தை ஆட வேண்டும். 867, 1066 போன்ற ஆண்டுகளிலிருந்து தொடங்கலாம். கல்யாணம், வாரிசுச் சண்டை, சதி, கொலை எல்லாம் உண்டு. 2025 அக்டோபரில் அதன் வரைபடம் தென்கிழக்கு ஆசியா, சீனம், ஜப்பான் வரைக்கும் விரிந்தது. அதுவரை அந்த விளையாட்டில் ராஜேந்திரனுக்குக் கடாரம் போக வழியே இல்லை. கடல் பாதியில் முடிந்துவிடும்.

ஆக, டெல்டாவில் பிறந்த ஒருவன் தன் ஊர் மண்ணையே திரையில் வைத்து ஆடுகிற காலம் வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கிறது.

மென்பொருள் எதையும் தடுக்காது

விளையாட்டைச் செய்தவர்கள் ஆடுகிறவன் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். அவர்கள் வியாபாரம் அது. ஆகவே தோற்றால் திரும்ப ஆடலாம். எடுத்த நாட்டை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். எந்த மாதத்திலும் கடல் கடக்கலாம். நிஜமான சோழனுக்கு இந்த வசதிகளில் ஒன்றுகூட இல்லை. அவனைச் சோழனாக ஆக்கியது அவனிடம் இருந்த படை மட்டும் அல்ல. அவனைக் கட்டிப்போட்டிருந்த கட்டுகளும்தான். நெல் எப்போது விளையும், காற்று எப்போது திரும்பும், சித்தப்பாவுக்கு அரியணை மேல் ஆசை உண்டா, வடக்கே ராஷ்டிரகூடன் என்ன செய்கிறான் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு அரசனின் வாழ்க்கை.

இந்தக் கட்டுகளை மென்பொருள் பாதிதான் தருகிறது. மீதியை ஆடுகிறவன்தான் தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் போடாமல் ஆடினால் ஆடுவது சோழன் அல்ல. புலிக்கொடி பிடித்த வேறு யாரோ.

உலகெங்கும் இந்த வகை விளையாட்டுகளை ஆழ்ந்து ஆடுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் ஏற்கனவே உண்டு. "இந்த ஆட்டத்தில் குதிரைப்படை வைக்க மாட்டேன்", "நானாகப் போரைத் தொடங்க மாட்டேன்" என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டு ஆடுவார்கள். சோழ நாட்டுக்கு அப்படி விதி போடுவதென்றால் எப்படிப் போடலாம்? ஐந்து விதிகளைச் சொல்லலாம். ஐந்துக்கும் சரித்திரத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

விதி 1: தோற்றது தோற்றதுதான்

949இல் தக்கோலத்தில் சோழப்படை ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனிடம் தோற்றது. பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. கிருஷ்ணன் "கச்சியும் தஞ்சையும் கொண்ட" என்று தன்னைப் பற்றிப் பொறித்துக்கொண்டான். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். நடுவில் 36 ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கும் மேல் தோல்வியின் நிழலில் ஓடிய காலம்.

கணினியில் ஆடுகிற எவனும் தக்கோலத்தை அப்படியே விட மாட்டான். சேமித்த ஆட்டத்தைத் திறப்பான்; யானையைப் பத்தடி பின்னால் நிறுத்துவான்; ஜெயித்துவிடுவான். அத்தோடு அந்த 36 ஆண்டுகளும் போய்விடும். சிதைந்த நாட்டைக் கட்டி எழுப்புவது என்றால் என்ன என்பதும் அவனுக்குத் தெரியாமலே போய்விடும். குரூசேடர் கிங்ஸ், யூரோப்பா யூனிவர்சாலிஸ் போன்ற விளையாட்டுகளில் "அயர்ன்மேன்" என்று ஒரு முறை உண்டு. அதில் ஒரே ஒரு சேமிப்புதான். பின்னால் போக முடியாது. அதைத் தேர்ந்தெடுப்பதே முதல் விதி. அந்த வசதி இல்லாத விளையாட்டில் மனசாட்சிதான் அயர்ன்மேன்.

விதி 2: நாளை நடப்பது தெரிந்தவன் மாதிரி நடக்காதே

யூரோப்பா யூனிவர்சாலிஸ் நான்காம் பாகம் 1444 நவம்பரில் தொடங்குகிறது. விஜயநகரத்தை எடுத்து ஆடுகிறவனுக்கு இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரியும். 1498இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டுக்கு வருவார்கள். 1565இல் தலைக்கோட்டையில் சுல்தான்கள் ஒன்று சேர்வார்கள். ஆகவே அவன் முதல் பத்தாண்டிலேயே மேற்குக் கரை முழுக்கக் கோட்டை கட்டுகிறான்; சுல்தான்களை ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். அப்போது ஆட்சியில் இருந்த இரண்டாம் தேவராயருக்கு இதில் எது தெரிந்திருக்கும்? ஒன்றுமே தெரிந்திருக்காது. எதிரியின் குதிரை வீரர்களும் வில்லாளிகளும் நம்மைவிடத் திறமையாக இருக்கிறார்களே என்ற கவலை அவருக்கு இருந்தது. அதனால் முஸ்லிம் வீரர்களைத் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். தெரிந்த ஆபத்துக்குத் தெரிந்த மருந்து.

விதி சுலபம். எதைச் செய்வதற்கு முன்னாலும், "இது அந்த அரசனுக்கு அன்றைக்குத் தெரிந்திருக்குமா?" என்று ஒரு கேள்வி. இல்லை என்றால் செய்யக்கூடாது. கடைப்பிடிக்க ரொம்பக் கஷ்டமான விதி இதுதான். சரித்திரப் பாடத்தில் நல்ல மார்க் வாங்குகிறவனுக்கு இன்னும் கஷ்டம்!

விதி 3: தண்ணீருக்கும் காற்றுக்கும் கட்டுப்படு

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. மேற்கே கொஞ்சம் போனால் கல்லணை. இந்த ஊர்க்காரனுக்குத் தண்ணீர் எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டில் டெல்டா என்பது "வளமான நிலம், கூடுதல் வருமானம்" என்று ஒரு எண். அவ்வளவுதான். மழை தப்பாது, கரை உடையாது, வாய்க்கால் தூர் வார ஆள் வேண்டாம்.

தேதி ஓடுகிற விளையாட்டு என்றால் ஒரு விதி போடலாம். சம்பா அறுவடை முடிகிற தை, மாசிக்கு முன்னால் பெரிய படை கிளம்பக்கூடாது. களத்து மேட்டில் நெல் இல்லாமல் படைக்குச் சோறு ஏது? கடலுக்கும் அப்படியே. வங்கக்கடலில் பாய்மரக் காலத்தில் தென்மேற்குக் காற்றில் கிழக்கே போவார்கள், வடகிழக்குக் காற்றில் திரும்புவார்கள். போன கப்பல் காற்று மாறுகிற வரைக்கும் திரும்பாது. ஆகவே கடல் கடக்கும் படையை மாதக்கணக்கில் திருப்பி அழைக்கக்கூடாது. அந்த நேரத்தில் வீட்டில் கலகம் வந்தால் மிச்சம் இருக்கிற ஆட்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இந்த ஒரு விதியோடு ஒரு முறை ஆடிப் பார்த்தால், நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய கப்பல்கள் எவ்வளவு பெரிய துணிச்சல் என்று பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் புரியும்.

விதி 4: எடுத்ததையெல்லாம் வைத்துக்கொள்ளாதே

1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். பொருள் வந்தது. வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஊர்களைச் சோழர்கள் மண்டலமாக்கி, வரி வசூலித்து ஆண்டதாக ஆதாரம் இல்லை. அது வென்று திரும்பிய படையெடுப்பு. 1090இல், அதாவது 65 ஆண்டுகள் கழித்து, கடாரத்து அரசர் தூதர்களை அனுப்பி நாகப்பட்டினத்துப் புத்த விகாரம் பற்றி வேண்டுகோள் வைக்கிறார். முதலாம் குலோத்துங்கன் அதை ஏற்கிறான். சிறிய லெய்டன் செப்பேடு சொல்லும் சேதி இது. கடாரம் சோழ மாவட்டமாக இருந்திருந்தால் கடாரத்துக்கு அரசர் ஏது, தூதர் ஏது?

கங்கைப் படையெடுப்பும் அப்படித்தான். கங்கைச் சமவெளியைச் சோழன் ஆளவில்லை. கங்கை நீரைக் கொண்டுவந்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. தூரத்து நிலத்தை வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரியை வைத்துக்கொண்டவனை விளையாட்டின் வெற்றிக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

ஆகவே விதி: கடல் கடந்து எடுத்த நகரத்தை ஐந்து ஆண்டுக்குள் அந்த ஊர்க்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வந்த பொன்னை ஏரிக்கும் கோயிலுக்கும் செலவழிக்கலாம். வரைபடம் பெரிதாகாது. ஆனால் ஆட்டம் நிஜமாகும்.

விதி 5: தோற்றவன் பக்கமும் ஒரு முறை ஆடு

நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் இது ஏற்கனவே உண்டு. ஒரு ஆட்டம் புலி வைத்தவன் அடுத்த ஆட்டம் ஆடு வைத்தாக வேண்டும். எப்போதும் நான்தான் புலி என்றால் எதிரில் யாரும் உட்கார மாட்டார்கள்.

சோழன் ஆடி முடித்தவன் அடுத்து இலங்கையிலிருந்து ஆட வேண்டும். 993இல் ராஜராஜன் படை அங்கே போனது. அநுராதபுரம் அழிந்தது. பொலன்னறுவை சோழர் தலைநகரானது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். 12 ஆண்டு சிறையிருந்து 1029இல் இங்கேயே செத்தான். 1070இல் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டான். 1066இல் ஆட்டத்தைத் தொடங்கினால் சரித்திரப்படி இன்னும் நான்கே ஆண்டு. ஒரு பக்கத்துக்கு அது முடிவு. இன்னொரு பக்கத்துக்கு விடுதலை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலேயே செந்தலை இருக்கிறது. அங்கே கோயில் தூண்களில் பெரும்பிடுகு முத்தரையனைப் புகழும் தமிழ்ப் பாடல்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தத் தூண்கள் முதலில் பக்கத்து நியமத்தில் இருந்தவை என்று சொல்வார்கள். 850 வாக்கில் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தது இந்த முத்தரையர்களிடமிருந்துதான். சோழர் கதை தொடங்கிய நாள், இன்னொருவர் கதை முடிந்த நாள். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து விஜயாலயனாக மட்டும் ஆடினால் எப்படி?

குடும்பத்துக்குள்ளும் ஒரு விதி

இது ஐந்தில் சேராத இலவச இணைப்பு. குரூசேடர் கிங்ஸில் அரியணைக்குக் குறுக்கே நிற்கும் சொந்தக்காரனைத் தீர்த்துவிடுவது சர்வசாதாரணம். விஷம், பாம்பு, தள்ளிவிடுதல் என்று வகை வகையாக உண்டு. சோழர் வீட்டிலும் கொலை நடந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்தைப் பறித்ததை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதுதான் சுவாரஸ்யம். அருள்மொழியை மக்கள் அரசனாகச் சொன்னபோது, சித்தப்பா உத்தம சோழனுக்கு ஆசை இருக்கிற வரை தனக்கு வேண்டாம் என்று அவன் விலகியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. செப்பேடு அந்த வம்சத்தின் சொந்தப் புகழ்ச்சி என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஒரு வம்சம் தன்னைப் பற்றி எதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள விரும்பியது என்பது அதில் தெரிகிறது. "முடியும், ஆனாலும் செய்யவில்லை" என்பதுதான் அது.

விளையாட்டுதானே?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். விளையாட்டை இப்படிப் பாடமாக்கினால் அப்புறம் அதில் என்ன ஜாலி?

ஆற்று மணல் கிரிக்கெட்டைத் திரும்பப் பாருங்கள். கரை தாண்டினால் அவுட் என்ற விதியால் ஆட்டம் கெட்டதா? தரையோடு அடிக்கத் தெரிந்தவன்தான் பெரிய பேட்ஸ்மேன் ஆனான். விதி ஆட்டத்தைச் சின்னதாக்கவில்லை. வேறு திறமையைக் கேட்டது. கணினியிலும் அப்படியே. இரண்டு மணி நேரத்தில் உலகத்தை ஜெயித்தவன் மூன்றாம் மணி நேரத்தில் போரடித்து மூடிவிடுகிறான். ஒரே ஒரு தக்கோலத்தைத் தாங்கிக்கொண்டு ஆடுகிறவன் இரண்டு வாரம் ஆடுகிறான்.

விதி போட்டால் சரித்திரத்தை அப்படியே ஒப்பிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. முடிவு மாறலாம். தக்கோலத்தில் ராஜாதித்தன் ஜெயிக்கலாம். ஆனால் அவனுக்கு இருந்த வழிகளை வைத்து ஜெயிக்க வேண்டும். விதி கட்டுவது வழியைத்தான், முடிவை அல்ல.

சரி, அப்படியும் கேட்கலாம்: ஒருவன் தன் அறையில் தனியாக அழுகுணி ஆட்டம் ஆடினால் யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. அந்த வரைபடம் திரையோடு நிற்பதில்லை. இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை ஒரே நிறம் அடித்து "சோழப் பேரரசு" என்று எழுதிய படங்கள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகின்றன. அவற்றில் 1025இன் படையெடுப்பும் நூறாண்டு ஆட்சியும் ஒரே நிறம். திரையில் அதே நிறத்தை நூறு முறை அடித்துப் பழகிய பையனுக்கு அந்தப் படம் பொய் என்று எப்படித் தோன்றும்? அவன் பெருமைப்படுவதில் தப்பில்லை. கல்லணைக்கும் பெரிய கோயிலுக்கும் பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் பெருமை உண்மையின் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்திருக்கும் இன்னொருவனோடு பேசும்போது அது முதல் வாக்கியத்திலேயே சண்டையாகிவிடும்.

இன்னொரு உதாரணம். கர்நாடகத்தில் ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு சாளுக்கியக் கல்வெட்டு இருக்கிறது. சோழன் ஒன்பது லட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றான் என்று அது சொல்கிறது. எதிரி எழுதியது. ஒன்பது லட்சம் என்பதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இதே தமிழில் அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்னால், போர் தொடங்கும் முன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்த பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். விதியும் நம்முடையதுதான். மீறலும் நம்முடையதாக இருந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறவனுக்குத்தான் சரித்திரம் தெரியும்.

சில நடைமுறை யோசனைகள்

விதிகளை ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். நடுவில் எழுதினால் வசதிக்கு வளைந்துவிடும். உத்திரமேரூர்ச் சபை 919லும் 921லும் வாரியத் தேர்தலுக்கான விதிகளைக் கல்லிலேயே வெட்டி வைத்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் சேர்க்கக்கூடாது என்பது அதில் ஒன்று. மனிதர்கள் மறப்பார்கள் என்று தெரிந்துதான் கல்லைத் தேடினார்கள்.

ஐந்தையும் ஒரே ஆட்டத்தில் போட வேண்டாம். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு. நண்பர்களோடு சேர்ந்து ஆடினால் விதி எல்லோருக்கும் பொது. தன் விதியை அடுத்தவன் தலையில் நடுவில் திணிப்பதும் அழுகுணி ஆட்டம்தான். முக்கியமாக, விதியை மீறிவிட்டால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆடுகிறவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே!

வெண்ணிப் பறந்தலை

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் கோயில்வெண்ணி என்று ஒரு ஊர். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனால் தெரியாமலே கடந்துவிடும். சங்க காலத்தில் கரிகாலன் சேரனையும் வேளிரையும் வென்றது அங்கேதான். சேரன் பெருஞ்சேரலாதன் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வரை துளைத்துவிட்டது. முதுகில் புண்பட்டவன் என்ற பேரோடு வாழ மாட்டேன் என்று அவன் அந்தக் களத்திலேயே வாளோடு வடக்கிருந்து உயிர் விட்டான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஓடும்போது பட்ட புண் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். விதி அவனே தனக்குப் போட்டது.

அந்த ஊர்க்காரர், குயவர் குலத்துப் பெண், வெண்ணிக்குயத்தியார். தன் நாட்டு அரசன் கரிகாலனை நேரில் விளித்துப் பாடினார். நீ ஜெயித்தாய், சரி. ஆனால் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்டார். ஜெயித்த அரசனைப் பார்த்துச் சோழ நாட்டுப் பெண் ஒருத்தி கேட்ட அந்தக் கேள்வியைப் புறநானூற்றில் சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு எந்த விளையாட்டின் வெற்றித் திரையிலும் அந்தக் கேள்வி வராது. "வெற்றி" என்று பெரிய எழுத்தில் வரும், முரசு கொட்டும், மதிப்பெண் ஓடும். அந்த நேரத்தில் திரைக்கு இந்தப் பக்கம் வெண்ணிக்குயத்தியாராக உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்க ஆள் வேண்டும். தாளில் எழுதிவைத்த அந்த இரண்டு மூன்று விதிகள் அந்த வேலையைத்தான் செய்யும்.